மற்ற பெற்றோர் ஒத்துக்க மாட்டாங்க

ஏப்ரல், மே வந்தால் நம் ஊர் மின்கம்பங்களில் பள்ளிச் சேர்க்கை பேனர்கள் தொங்கும். இயக்கத் தோழர்களுக்கும் அதுதான் அலைச்சல் மிகுந்த காலம். சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுப்பது, தனியார் பள்ளிகளின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் போடுவது, விடுதியில் இடம் கேட்டு ஏறி இறங்குவது என்று நாள் ஓடும். அந்த வேலைப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. நம் குடியிருப்புகளிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி தேடித் தருவதும் சாதி ஒழிப்பு வேலைதான். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்தே எழுதுகிறோம்.

எங்கள் மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்காக ஐந்து பள்ளிகளைப் பார்த்தோம். ஐந்தாவதில்தான் சேர்த்தோம். அந்த அலைச்சலில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க."

இந்த வாக்கியம் நமக்குப் புதிதா, தோழர்களே? நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பள்ளி வாசலில் கேட்ட வாக்கியம் அல்லவா இது? 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியின் முன் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். போராட்டம் வெடித்த பிறகே அந்த மாறுதல் ரத்தானது. "மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லும்போது, சொல்பவர் கை சுத்தமாக இருக்கும். வெளியே போக வேண்டியவர் மட்டும் போய்விடுவார்.

ஒரே செயல், இரண்டு பெயர்

எங்கள் மகனுக்கு ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அங்கன்வாடி அக்கா. "பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறான், காது கேக்குதான்னு பாருங்க" என்றார். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. காது நன்றாகவே கேட்டது. அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். பல தடவை போய்வந்த பிறகு, நான்கு வயதில் ஆட்டிசம் என்று உறுதியாயிற்று.

அரசு ஆவணங்களில் இதைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதிவந்தார்கள். எங்கள் மகனைப் பார்த்தால் இந்தப் பெயர் எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். புற உலகம் அவனுக்குக் குறைவாக இல்லை. அளவுக்கு மேல் வந்து விழுகிறது. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். டியூப்லைட்டின் ரீங்காரம் நம் காதில் விழாது, அவனுக்கு விழும். புதுச் சட்டையின் கழுத்துப் பட்டை அவனைக் கீறும். சோற்றில் குழம்பு பட்டுவிட்டால் சாப்பிட மாட்டான். தனித்தனியாக வைத்தால் இரண்டையும் சாப்பிடுவான். பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்குவான். ஊருக்குள் வரும் எல்லாப் பேருந்தின் எண்ணும் நேரமும் அவனுக்குத் தெரியும். பேச்சு குறைவு. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். தாங்க முடியாமல் போனால் தரையில் படுத்துக் கத்துவான்.

இந்தக் கத்தலுக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பள்ளி தேடும்போது பார்த்தோம். காரில் வந்து இறங்கும் குடும்பத்துப் பிள்ளை கத்தினால் "ஸ்பெஷல் சைல்ட்" என்கிறார்கள். நம் தெருப் பிள்ளை கத்தினால் "வளர்ப்பு சரியில்ல" என்கிறார்கள். முதல் பிள்ளையை மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பிரம்பு எடுப்பார்கள். ஒரு குறைபாடு குறைபாடாகக் கண்ணில் படுவதற்கே சாதித் தகுதி வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் கண்டறிவது, வெள்ளையினக் குழந்தைகளைவிடப் பிந்தியே நடந்துவந்தது என்று அந்நாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அங்கும் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்த முத்திரை, அடங்காத பிள்ளை என்பதுதான்.

நாங்கள் பார்த்த பள்ளிகள்

முதலில் டவுனில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. ஒன்றாம் வகுப்புக்கு "சின்னதா ஒரு இன்டர்வியூ" என்றார்கள். மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எங்கள் மகன் சுழற்றிக்கொண்டே இருந்தான். கேட்ட கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. "ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க சார், அவனுக்கும் அதான் நல்லது" என்றார் முதல்வர். அந்த மூன்று நிமிட இன்டர்வியூவே சட்டவிரோதம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ சேர்க்கைக்காகத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 வரையும் அபராதம்.

இரண்டாவது பள்ளியின் வாசலிலேயே "இன்க்ளூசிவ் ஸ்கூல்" என்று போர்டு இருந்தது. பேச்சும் இனிமையாகத்தான் இருந்தது. கட்டணம் சொன்னார்கள். அதற்கு மேல், பிள்ளையோடு வகுப்பில் உட்கார ஒரு "ஷேடோ டீச்சர்" வேண்டும், அவர் சம்பளத்தைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது எங்கள் வீட்டு வாடகையைப் போல மூன்று மடங்கு. பிறகு விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு, "இது ஊருக்குள்ளயா, காலனியா?" என்று ஒரு கேள்வி. அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல்லை நீக்குவதாக 2025-ல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் ஆவணத்தைவிட்டுப் போகலாம். கேள்வி இன்னும் நாக்கில்தான் இருக்கிறது. எங்கள் பதிலைக் கேட்ட பிறகுதான், "மத்த பேரன்ட்ஸ்" வந்தார்கள். ஆட்டிசத்துக்காகவா, காலனிக்காகவா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு காரணம் இருக்கும்போது ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளும். நீங்கள் எதன்மேல் புகார் கொடுப்பீர்கள்?

மூன்றாவது, மாவட்டத் தலைநகரில் ஒரு சிறப்புப் பள்ளி. அங்கிருந்தவர்கள் அன்பானவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேருந்து மாறி, போக வர நான்கு மணி நேரம். யாராவது ஒருவர் வேலையை விட்டால்தான் முடியும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்று இதை எப்படிச் செய்யும்? தீவிரமான உதவி தேவைப்படும் குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் வேண்டும், அவை கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் வேண்டும் என்பது தனிக் கோரிக்கை. ஆனால் சாதாரணப் பள்ளியின் கதவைச் சாத்துவதற்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது, பக்கத்து ஊரின் அரசுப் பள்ளி. ஊர்த்தெருவுக்கு நடுவில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் கொண்டுபோன மருத்துவச் சீட்டையும் வாங்கிப் பார்க்கவில்லை. "ஆட்டிசமாவது ஒண்ணாவது, அடிச்சு வளக்கணும்மா. உங்க பக்கத்துல பசங்கள அவுத்து வுட்டுர்றீங்க" என்றார். "உங்க பக்கத்துல" என்று அவர் சொன்னது எந்தப் பக்கம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஐந்தாவது, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள், ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள், ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று. பேனரும் இல்லை, போர்டில் "இன்க்ளூசிவ்" என்ற சொல்லும் இல்லை. அந்தத் தலைமை ஆசிரியை மகனைப் பார்த்து எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எங்களிடம்தான் கேட்டார். "உக்காருங்கம்மா. எதுக்குப் பயப்படுவான்? எது குடுத்தா அமைதியாவான்? பாத்ரூம் வந்தா எப்படிக் காட்டுவான்?" இந்த மூன்று கேள்வியைக் கேட்டதும் எங்களுக்குப் பள்ளி கிடைத்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. நல்ல பள்ளியை அடையாளம் காண, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்களா, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்களா என்று பாருங்கள்.

அந்தப் பள்ளி என்ன செய்தது

பெரிய செலவில் எதுவும் செய்யவில்லை. சேர்வதற்கு முந்தைய வாரம், பள்ளி காலியாக இருக்கும் மாலை நேரத்தில் மூன்று நாள் அவனை அழைத்து வரச் சொன்னார்கள். வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிவறை எல்லாம் அவனே சுற்றிப் பார்த்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக் சத்தம் தாங்க மாட்டான் என்பதால், பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கலாம் என்றார்கள். பிரார்த்தனை, பாடம், சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று ஐந்து படங்களை ஓர் அட்டையில் ஒட்டி, அவன் இடத்துக்கு எதிரே மாட்டினார்கள். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே திருப்பி வைப்பான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அவனுக்குப் பாதிப் பயம் போய்விடும். தொடக்க வகுப்புகளுக்கான "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அட்டைகளும் விளையாட்டுகளும் ஏற்கெனவே இருப்பதால், அவனுக்கென்று தனியாக அதிகம் தேவைப்படவில்லை. பேருந்து எண்களை வைத்தே கூட்டல் சொல்லிக் கொடுத்தார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா, சோற்றையும் சாம்பாரையும் தனித்தனியாக வைக்கிறார்.

வகுப்பின் மூலையில் ஒரு பாய் உண்டு. சத்தம் அதிகமானால் அவன் எழுந்து போய் அங்கே உட்காருவான். பத்து நிமிடத்தில் திரும்பி வருவான். இந்த மூலையைப் பற்றி நாங்கள் நிறைய யோசித்தோம். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குப் போனபோது வகுப்பின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார வைக்கப்பட்டார். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அவர் எழுதிவைத்திருக்கும் இந்த அனுபவத்தைப் படித்த எவருக்கும் "தனி இடம்" என்றாலே உடம்பு பதறும். எங்களுக்கும் பதறியது. ஆனால் பிள்ளை தானாகப் போய் உட்காரும் மூலை வேறு, பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் மூலை வேறு. முதல் மூலையிலிருந்து அவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அவன் இடம் அவனுக்காக நடுவில் காத்திருக்கும். "சிறப்பு வசதி" என்ற பெயரில் யார் எது செய்தாலும், நம் தோழர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

"மற்ற பெற்றோர்" என்ன சொன்னார்கள்? முதல் மாதம் இரண்டு பேர் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டார்கள். "என் ஸ்கூல்ல சேர்ந்த பிள்ளை, இங்கதான் படிப்பான்" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யாரும் டி.சி. வாங்கவில்லை. பயமுறுத்தப் பயன்படும் அந்த மற்ற பெற்றோரில் பெரும்பாலோர், பொறுப்பில் இருப்பவர் உறுதியாக நின்றால் அடங்கிவிடுகிறவர்கள்தான். இப்போது அவன் தரையில் படுத்தால், "டீச்சர், அவனுக்குச் சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று வகுப்புப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஊர்த்தெருப் பிள்ளைகளும் உண்டு.

சட்டம் ஒரே வரியில் வைத்திருக்கிறது

மாணவத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 2(டி) பிரிவு "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்த குழந்தை" யார் என்று வரையறுக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த வரையறையில், மாற்றுத்திறன் கொண்ட குழந்தையும் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தையும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள். இரண்டு விலக்கலையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கிறது. இயக்கங்களாகிய நாம்தான் தனித்தனி மேடையில் நிற்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டங்களில் சாதி பேசப்படுவது அபூர்வம். நம் மேடைகளில் மாற்றுத்திறன் பேசப்படுவதும் அபூர்வம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு யார் பேசுவது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தேவையான வசதிகளைச் செய்ய வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 31-ஆம் பிரிவு. எதில் படிப்பது என்ற தேர்வு குழந்தைக்கு உரியது, பள்ளி முதல்வருக்கு அல்ல. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பள்ளி மறுத்தால் 2016 சட்டத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

நல்ல டீச்சர் மாறிப் போனால்?

எங்கள் கதை நல்லபடியாக முடிந்தது என்று இத்தோடு நிறுத்தினால் அது பொய். அந்தத் தலைமை ஆசிரியை அடுத்த மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போகலாம். அது அவர் உரிமை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் மகனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவரைப் போன்றவர்கள் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்த பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, இதே திட்டத்தின் 2024-25 நிதியான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான சண்டை, செவ்வாய்க்கிழமை எங்கள் மகனோடு உட்காரும் அந்த ஒருவரின் சம்பளத்தில் வந்து முட்டுகிறது. தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022-ல் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஒன்றியத்தில் கணக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

ஒருவரின் நல்ல மனதை நம்பிப் பெற்றது சலுகை. அவர் போன பிறகும் நிற்பதுதான் உரிமை. அதற்கு நம்மால் செய்ய முடிந்தவை:

ஒன்று. பள்ளிக்குப் பெற்றோரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போங்கள். இடம் இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல இடங்களில் பேச்சு மாறும்.

இரண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் வாங்கித் தாருங்கள். உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் அவை தேவை. ஆனால் அட்டை வரும்வரை சேர்க்கையைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

மூன்று. மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்ப்புக் கூட்டம். குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும் நகல் அனுப்புங்கள். மனுவில் சாதியையும் குறைபாட்டையும் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

நான்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை உட்கார வையுங்கள். வேப்பமரத்தடி, பட அட்டை, பாய் எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதிவைத்தால், ஆசிரியர் மாறினாலும் பேச ஒரு காகிதம் இருக்கும். நாங்கள் இந்த ஆண்டு அதைத்தான் செய்திருக்கிறோம்.

ஐந்து. நம் இரவுப் பாடசாலைகளில் இந்தப் பிள்ளைகளைச் சேருங்கள். அடிக்காத, கத்தாத ஓர் இடமாக முதலில் நம் இடம் இருக்கட்டும். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் தோழர்கள் சிறப்புக் கல்வியைப் பற்றியும் யோசியுங்கள். அந்த வேலையில் நம் ஆட்கள் வேண்டும்.

உங்கள் தெருவில், வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு பிள்ளை இருக்கக்கூடும். "அவன் அப்படித்தான்" என்று சொல்லி உள்ளேயே வைத்திருப்பார்கள். ஜூன் பிறப்பதற்குள் அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள்.

ஜெய்பீம்.